ஒன்பதாம் நம்பர் மலையில் கேட்ட சத்தம்

அன்று காலை, வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் நின்றவர்களைச் சொல்கிறேன். வனஜீவராசிகள் அதிகாரி ஒருவர், சிங்களவர், கையில் கொப்பி வைத்திருந்தார். அவரைக் கூட்டி வந்த டிரைவர், ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. எங்கள் டிவிசனை மேற்பார்க்கிற கண்டாக்கு. தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர், தேய்த்த வெள்ளைச் சட்டையில். கொழுந்துக் கங்காணி. என் அம்மா. லயத்தில் பக்கத்து வீட்டுக் காம்பரா சின்னம்மா, அவர்தான் சாட்சி. என் அண்ணன், பின்னால், மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி. அவனுடைய கூட்டாளிகள் இரண்டு பேர். கொழுந்துப் பெண்கள் முப்பது பேருக்கு மேல், இடுப்பில் படங்குச் சாக்குக் கட்டியபடி. கடைசியாக நான்.

ஒன்பதாம் நம்பர் மலையில் புலி இல்லை என்பது அத்தனை பேரில் எனக்கு மட்டும் தெரியும்.

அதிகாரி சிங்களத்தில் கேட்டார். கண்டாக்கு தமிழில் திருப்பிச் சொன்னார். சத்தத்தை முதலில் கேட்டது யார், எத்தனை மணிக்கு, எப்படி இருந்தது. சின்னம்மா முன்னால் போய் நின்றார். கழுத்தை இறுக்கிக்கொண்டு அந்தச் சத்தத்தைச் செய்தே காட்டினார். சத்தம் சரியில்லை. ஆனால் நிறுத்தின இடமெல்லாம் சரி.

"ரெண்டு தரம் நீட்டி இழுத்துச்சுங்க ஐயா. பொறவு சும்மா இருந்துச்சு. பொறவு இருமுச்சுங்க."

பெண்கள் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. நீங்கள் புலி என்கிற சிறுத்தையின் சத்தம் இருமல் மாதிரித்தான் இருக்கும், இந்த அம்மா சரியாகச் சொல்கிறார் என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டார்.

இருமினது நான். பனி தொண்டைக்குள் போனால் எனக்கு இருமல் வரும். அந்த இருமல்தான் புலியை உறுதியாக்கியது.

அதிகாரி இன்னொன்றும் கேட்டார். யாராவது மிருகத்துக்குச் சுருக்குக் கம்பி வைத்திருக்கிறீர்களா? வைத்தால் மறியல்தான், ஜெயிலில் போடுவோம் என்று சொன்னார். நான் திரும்பி அண்ணனைப் பார்த்தேன். அவன் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அங்கேயே நான் பேசியிருக்கலாம். பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று சொல்ல வேண்டுமானால் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அப்பா செத்த வருசம் அது. பதினெட்டு முடிந்ததும் கொழும்புப் பக்கம் கார்மெண்டுக்குப் போனேன். சட்டைக் கழுத்துத் தைக்கிற மெசினில் உட்கார வைத்தார்கள். ஒரு நாளைக்கு எத்தனை கழுத்து என்று சொல்வார்கள், அத்தனையும் முடித்துவிட்டு எழும்ப வேண்டும். ஆறு பேர் ஒரு அறையில் போர்டிங். போர்டிங்குக்குப் பின்மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு கராஜ். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே நாலு பெடியன்கள் கிட்டாரும் டிரம்மும் அடிப்பார்கள். அதில் ஒருவன் கத்துவான். பாட்டு என்று சொன்னார்கள். எங்கள் அறையில் இருந்த பிள்ளைகள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கத்துகிற பெடியனுக்கு மாதத்தில் இரண்டு வாரம் தொண்டை கட்டிவிடும். ஒரு நாள் வீதிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது கிட்டார்க்காரன் பக்கத்தில் நின்றான். அவன் சிங்களப் பெடியன், நல்ல மாதிரி. உங்கள் ஆள் கழுத்திலிருந்து கத்துகிறான், வயிற்றிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள் என்று அவனிடம் சொன்னேன். அவன் சிரித்தான். நீ எடுத்துக் காட்டு என்றான்.

எனக்கு அது எப்படித் தெரியும் என்றால் அம்மாவால். தோட்டத்தில் பெண்கள் ஒரு மலையில் நின்று இன்னொரு மலைக்குக் கூப்பிடுவார்கள். சோற்றுப் பானையை இறக்கு என்று அம்மா பன்னிரண்டாம் நம்பரில் நின்று கூப்பிட்டால் லயத்து வீட்டில் இருக்கிற எங்களுக்குக் கேட்கும். நடுவில் ஆறு, பள்ளம், தேயிலை ஸ்டோர் மெசின் சத்தம் எல்லாம் இருக்கும். அம்மாவின் கழுத்து நரம்பு ஒன்றுகூட எழும்பாது. அடிவயிறு மட்டும் உள்ளே போகும். நானும் லயத்துப் பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிட்டு வளர்ந்தோம்.

அன்று குழாயடியில் அதையே செய்தேன். மேலே எடுக்காமல் கீழே அழுத்தினேன். கிட்டார்க்காரனின் வாளி நிரம்பி வழிந்தது. அவன் குழாயை மூடவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் நான் மதிலுக்கு அந்தப் பக்கம். இதற்குப் பெயர் ஹெவி மெட்டல் என்று அவர்கள் சொல்லித்தான் தெரியும். பழைய பாட்டுக்காரன் பேஸ் கிட்டாருக்கு மாறிக்கொண்டான். என்மேல் அவனுக்குக் கோபம் இல்லை, தொண்டை தப்பியது என்று சொன்னான்.

பாட்டுக்கு வார்த்தை வேண்டுமென்றார்கள். எனக்குப் பாட்டு எழுதத் தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன். தராசடியில் கங்காணி கூப்பிடுகிற கிலோ, கொழுந்தின் ஈரத் தண்ணிக்கென்று கழிக்கிற கிலோ, பெரட்டில் கூப்பிடுகிற மலை நம்பர். அதையே வைத்துக்கொண்டார்கள். மேடையில் நான் குதிக்க மாட்டேன். தலையை ஆட்டமாட்டேன். பின்னிய தலையோடு, வேலைக்குப் போகிற சப்பாத்தோடு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். வாயைத் திறக்கும் வரை கீழே நிற்கிறவர்கள் என்னை யாரோ வழி தவறி ஏறிவிட்டாள் என்றுதான் பார்ப்பார்கள். ஒரு தரம் கறுப்புச் சட்டை போட்ட ஒரு பெடியன் வந்து, அக்கா அந்தப் பாட்டில் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டான். கொழுந்து நிறை என்று சொன்னேன். நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைத்துப் போய்விட்டான்.

வீட்டில் இது ஒன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் என்று சொல்லி வைத்திருந்தேன். கல்யாணம் ஆகாத பிள்ளை, நாலு ஆம்பளைப் பெடியன்கள், மேடை, கத்தல். இதை எந்த வரிசையில் சொன்னாலும் நல்லாயிருக்காது.

பிறகு கார்மெண்டுக்கு ஓடர் குறைந்தது. பாதிப் பேரை அனுப்பினார்கள். அந்தப் பாதியில் நானும் இருந்தேன். தலவாக்கலையில் பஸ் மாறி, பூண்டுலோயா பக்கம் எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். அம்மா கங்காணியிடம் பேசி என்னைக் கொழுந்துக்குச் சேர்த்துவிட்டார். விரலெல்லாம் மெசினுக்குப் பழகியிருந்தது. கொழுந்துக்குத் திரும்ப ஒரு மாதம் பிடித்தது. தினமும் அம்மாவின் கூடையிலிருந்து இரண்டு கை கொழுந்து என் கூடைக்கு வரும். கங்காணி பார்க்காத மாதிரி நிற்பார்.

ஐந்து மாதம் கழித்துக் கிட்டார்க்காரன் போன் எடுத்தான். கொழும்பில் பெரிய நிகழ்ச்சி, வெளிநாட்டு பேண்ட் வருகிறது, அவர்களுக்கு முன்னால் நமக்கு அரை மணித்தியாலம் தருகிறார்கள் என்றான். மூன்று வாரம் இருக்கிறது என்றான். குரல் இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது என்றேன்.

இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஐந்து மாதம் அதை வெளியே எடுக்கவில்லை. எங்கே எடுப்பது? லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா சுவர் கூரை வரை போகாது. சின்னம்மா புரண்டு படுத்தால் எங்களுக்குக் கேட்கும். மூச்சு விட்டுப் பார்க்கக்கூட இடமில்லை. இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு யோசித்தேன். பிறகு ஒன்பதாம் நம்பர் ஞாபகம் வந்தது.

ஒன்பதாம் நம்பரின் கீழ்ப்பாதியில்தான் கொழுந்து எடுப்போம். மேல்பாதியைக் கைவிட்டு வருசக் கணக்காகிறது. தேயிலை மரமாகிவிட்டது. நடுவில் மானாப்புல் ஆள் உயரம். ஓரத்தில் ஓடை. அங்கே பாம்பும் குளவியும் இருக்கிறது, வெட்டிச் சுத்தமாக்கித் தாருங்கள் என்று தலைவர் எத்தனையோ தரம் கேட்டுவிட்டார். ஆள் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். பொழுதுபட முன்னர், கொழுந்தை நிறுத்துக் கொடுத்த பிறகு, விறகுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நான் அங்கே ஏறினேன்.

முதல் நாள் காற்றுத்தான் வந்தது. இரண்டாம் நாளும் காற்று. அன்று இறங்கி வரும்போது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் கொஞ்சம் பிடித்தது. ஆறாம் நாள் பழைய மாதிரி வந்தது. ஓடைத் தண்ணீரைக் குடித்து, இருமி, திரும்பவும் எடுத்தேன்.

ஏழாம் நாள் கொழுந்து லொறி வரப் பிந்தியது. கீழ்ப்பாதியில் பெண்கள் கூடையோடு காத்து நின்றிருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது. நான் என் பாட்டுக்கு எடுத்தேன். முடித்துவிட்டு விறகோடு இறங்கினால், வழியெல்லாம் கூடை கிடக்கிறது. கொழுந்து கொட்டிக் கிடக்கிறது. தண்ணிக் கானைத் தாண்டி எல்லாரும் ஓடுகிறார்கள். சின்னம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். நீ எங்கே நின்றாய், உன்னைத் தின்றிருக்குமே என்று அழுதுகொண்டே ஓடினார். நான் அந்தப் பக்கம் நின்றேன் என்று சொன்னேன். தொண்டை கரகரத்தது.

"பாருங்க, பயத்துல இவளுக்குக் கொரலே போயிருச்சு" என்று மற்றவர்களிடம் சொன்னார்.

அந்தச் சமயத்தில் கீழ் டிவிசனில் மூன்று நாய் காணாமல் போயிருந்தது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மறுநாள் பெரட்டில் பெண்கள் ஒன்பதாம் நம்பருக்கு இறங்க மாட்டோம் என்றார்கள். தலைவர் வந்தார். இரண்டு நாளில் எங்கெங்கோ பேசி அதிகாரியைக் கூட்டி வந்தார். அந்தக் கூட்டத்தைத்தான் முதலில் சொன்னேன்.

கூட்டம் முடிகிறபோது அதிகாரி, காடு இருக்கும் வரை மிருகம் வரும், மேல்பாதியை உடனே வெட்டுங்கள் என்று கண்டாக்கிடம் சொன்னார். தோட்டத்துத் தொரைக்குக் கடிதமும் எழுதினார். அன்று பகலே சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து ஒன்பதாம் நம்பர் மேல்பாதி சுத்தம் பண்ணுகிற வேலை, ஆண்கள் மரம் வெட்ட, பெண்கள் புல் வெட்ட. பெண்கள் கை தட்டினார்கள். இத்தனை வருசமாக நடக்காதது நடந்துவிட்டது.

அப்புறம் நான் எப்படி வாய் திறப்பது? திறந்தால் கடிதம் வீணாகிவிடும். வேலை நின்றுவிடும். கொழும்பும் போய்விடும். நிகழ்ச்சிக்கு இன்னும் எட்டு நாள். என் பொய்யால் நல்லதுதான் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அண்ணன் டாங்கியைப் பார்த்தது மனதில் கிடந்தது.

மறுநாள் சனிக்கிழமை, அரைநாள் வேலை. பின்னேரம் அண்ணனின் கட்டிலுக்குக் கீழே பெருக்கும்போது குறடு ஒன்று கிடந்தது. பக்கத்தில் விரல் நீளத்துக்கு வெட்டிப் போட்ட கம்பித் துண்டுகள். மோட்டார் சைக்கிள் கிளட்சுக்குப் போடுகிற கம்பி. ஒரு சைக்கிளுக்கு அத்தனை கம்பி வேண்டியதில்லை.

அண்ணன் வாசலில் உட்கார்ந்திருந்தான். கேட்டேன். ஒன்றுமில்லை என்றான். திரும்பவும் கேட்டேன். புலிக்கு என்றான். வியாழக்கிழமையே வைத்தாயிற்று, அதிகாரி வர முன்னமே. அவனும் கூட்டாளிகள் இரண்டு பேரும். மேல்பாதி முழுக்க. எத்தனை என்று கேட்டேன்.

"பதினாலு."

போன வருசம் கீழ் டிவிசனில் பன்றிக்கு வைத்த கம்பியில் ஒரு ஆளின் கணுக்கால் மாட்டியது. இழுக்க இழுக்க இறுகும். கால் இருக்கிறது. நடை இல்லை. திங்கட்கிழமை அந்தப் புல்லுக்குள் முப்பது பெண்கள் இறங்கப் போகிறார்கள். அம்மாவும் ஒருத்தர். அம்மா எப்போதும் முன் நிரை பிடிக்கிறவர்.

கழற்றிவிடு என்றேன். அண்ணன் கேட்கவில்லை. திங்கட்கிழமைக்குள் புலி மாட்டிவிடும், அப்புறம் கழற்றலாம் என்றான்.

"மாட்டாது அண்ணே. புலி இல்ல."

"கேட்டவங்க இருக்காங்க."

"அவங்க கேட்டது என்னைய."

அவன் சிரித்தான். போய் தேத்தண்ணி ஊத்து என்றான். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவனை உள்ளே வரச் சொன்னேன். வந்து நின்றான். விளக்குமாற்றைக் கீழே வைத்தேன். கையைப் பின்னால் கட்டினேன். அடிவயிற்றில் மூச்சை இறக்கி, இரண்டு தரம் நீட்டி இழுத்தேன்.

அண்ணன் பின்னாலே போய் அலுமாரியில் முட்டி நின்றான். நான் நிறுத்தின பிறகு ஒரு நிமிசம் லயம் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒவ்வொரு காம்பராவாகக் கதவு சாத்துகிற சத்தம் வந்தது. கடைசிக் காம்பராவில் ஒரு பிள்ளை வீறிட்டது. புலி எங்கள் காம்பராவுக்குள் புகுந்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள். யாரோ தகரம் அடித்தார்கள்.

எல்லாரும் கதவைச் சாத்தியபோது ஒரு ஆள் மட்டும் எங்கள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தது. அம்மா. குழாயடியிலிருந்து ஓடி வந்திருக்கிறார். கையில் விறகு வெட்டுகிற கத்தி. சேலையெல்லாம் தண்ணீர்.

"எங்கடி அது?"

அண்ணன் கையை நீட்டி என்னைக் காட்டினான். அம்மா எனக்குப் பின்னால் பார்த்தார். கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தார். கத்தியை விடவில்லை.

"இவதாம்மா அது" என்றான் அண்ணன்.

அம்மா நம்பவில்லை. மெதுவாக இன்னொரு தரம் எடுத்துக் காட்டினேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கத்தி மடியில் கிடந்தது. கொழும்பையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். அம்மா ஒன்றுதான் கேட்டார்.

"இதக் கேக்க ஆளுங்க வர்றாங்களா?"

"வர்றாங்கம்மா."

"எத்தன பேரு?"

"நூத்தம்பது வரும்."

அம்மா கத்தியைக் கட்டிலில் வைத்தார். "பைத்தியக்காரனுங்க" என்றார். பிறகு எழும்பி முந்தானையைப் பிழிந்தார்.

வெளியே போய் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. கதவு கதவாகத் தட்டிச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. வாசலில் நின்று ஒரு தரம் செய்து காட்டினேன். நம்பினார்கள். சின்னம்மாவுக்கு வந்த கோபம் சொல்ல முடியாது.

"அப்ப ஆபீசர் முன்னாடி நான் ஒன்னைய மாதிரியாடி கத்துனேன்?"

"நான் இன்னும் நல்லா கத்துவேன் சின்னம்மா" என்றேன். எனக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் அதைச் சொன்னேன். பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஒருத்தி, இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொல்லிப் புலிக்குச் சொல்லுங்கள் என்றாள். சின்னம்மாவும் கடைசியில் சிரித்தார்.

தலைவர் சட்டை போடாமல் ஓடி வந்தார். விசயத்தைக் கேட்டதும் முகம் விழுந்துவிட்டது. இது கண்டாக்கின் காதுக்குப் போனால் திங்கட்கிழமை வேலை நின்றுவிடும், இனி நாங்கள் எதைச் சொன்னாலும் நம்பமாட்டார்கள் என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சின்னம்மாதான் பேசினார்.

"புலி இருக்கட்டும் தலைவரே. மலைய வெட்டி முடிக்கட்டும். பொறவு நம்மளே அதுக்குப் பஸ் ஏத்தி விட்டுருவோம்."

அப்படியே முடிவானது. கண்டாக்குக்குச் சொல்வதில்லை. எல்லாரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அப்போதுதான் கம்பியைச் சொன்னேன். பதினாலு என்று சொன்னேன். சிரிப்பு நின்றது.

தலைவர் அண்ணனை ஏசினார். அம்மா ஏசவில்லை. உள்ளே போய் அரிசி களைந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஏறினோம். அண்ணன், ஒரு கூட்டாளி, நான், அம்மா. இன்னொரு கூட்டாளி வெள்ளிக்கிழமை பின்னேரமே கொழும்புக்குக் கடை வேலைக்குத் திரும்பிப் போய்விட்டான். ஆளுக்கொரு மட்டக்கம்பு எடுத்துக்கொண்டோம். தேயிலையின் மட்டம் பார்க்கிற கம்பு. அதால் முன்னால் குத்திப் பார்த்து, பிறகு காலை வைத்தோம். ஒரு எட்டு வைக்க ஒரு நிமிசம் போனது.

அண்ணன் வைத்தது ஐந்து. ஐந்தும் கிடைத்தது. கூட்டாளி வைத்தது ஐந்து. அவனுக்கு இடம் மறந்து தடுமாறினான், ஆனால் ஐந்தும் கிடைத்தது. அதில் ஒன்று இறுகிக் கிடந்தது. பன்றி மயிர் மட்டும் ஒட்டியிருந்தது. அண்ணன் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்காமல் உரப் பையில் போட்டான்.

மற்றவன் வைத்தது நாலு. பாறைமேல் ஏறினால்தான் சிக்னல் வரும். ஏறி அவனுக்குப் போன் எடுத்தோம். கடைச் சத்தத்துக்குள் நின்று சொன்னான். மின்னல் விழுந்த மரத்தடியில் ஒன்று, ஓடையோரம் பன்றி போகிற தடத்தில் இரண்டு. அந்த மூன்றும் கிடைத்தது. நாலாவது எங்கே என்று கேட்டோம். அன்றைக்கு மழை வந்துவிட்டது, அவசரத்தில் வைத்தேன், மேலே கல்லுக்குப் பக்கத்தில் என்றான். எந்தக் கல் என்று அண்ணன் கேட்டான்.

"கல்லுதான் மச்சான். பெரிய கல்லு."

ஒன்பதாம் நம்பர் மேல்பாதி முழுக்கக் கல்.

பத்து மணிக்குச் சின்னம்மா வந்தார். அவருக்குப் பின்னால் பெண்கள், பன்னிரண்டு பதிமூன்று பேர் இருக்கும். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. கீழே கானோரம் வரிசையாக நின்றார்கள். கொழுந்துக்கு நிரை பிடிக்கிற மாதிரி ஆளுக்கு ஒரு நிரை பிடித்தார்கள். கம்பால் குத்திக்கொண்டு ஒரே சீராக மேலே ஏறினார்கள். ஒரு கல்லை விடாமல் சுற்றிப் பார்த்தார்கள். மேலே போய்த் திரும்பி, நிரை மாறி, கீழே வந்தார்கள். பிறகு திரும்பவும் மேலே. பனி இறங்கி, பக்கத்து ஆள் தெரியாமல் போகும் வரை தேடினோம். கிடைக்கவில்லை.

பன்றி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று சின்னம்மா சொன்னார். இருக்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள்.

திங்கட்கிழமை வேலை தொடங்கியது. நான் அம்மாவின் நிரையை எடுத்துக்கொண்டேன். அம்மாவைப் பக்கத்து நிரையில் பின்னால் நிற்கச் சொன்னேன். அம்மா பின்னால் நிற்கவில்லை. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் வெட்டினோம். ஒவ்வொரு பிடி புல்லையும் வெட்ட முன் கம்பால் தட்டினேன். கண்டாக்கு பார்த்துவிட்டு, புலிக்கு இவ்வளவு பயமா என்றார். ஆமாம் என்றேன்.

திங்கள் முடிந்தது. செவ்வாய் முடிந்தது. ஒருத்தர் காலிலும் மாட்டவில்லை. பாதி மலைதான் வெட்டியிருந்தது. புதன்கிழமை நான் கொழும்புக்குப் போக வேண்டும். மூன்று நாள் பயிற்சி, சனிக்கிழமை நிகழ்ச்சி. வரவில்லை என்று கிட்டார்க்காரனுக்குச் சொல்லப் போனை எடுத்தேன். அம்மா போனை வாங்கிச் சீலை மடிப்பில் வைத்துக்கொண்டார்.

"நீ இங்க நின்னா கம்பி தெரிஞ்சிருமா? போயிட்டு வா."

போனேன். தலவாக்கலையில் இறங்கி அண்ணனுக்குப் போன் எடுத்தேன். ஹட்டனில் எடுத்தேன். ஒன்றுமில்லை என்றான். கொழும்பு போய்ச் சேர்ந்தும் எடுத்தேன். வேலை நேரத்தில் எடுக்காதே என்று ஏசினான். பயிற்சியில் எனக்கு வார்த்தை மறந்தது. தராசுப் பாட்டில் மலை நம்பர் வரிசையாக வரும். எட்டு சொல்லிவிட்டு நின்றுவிட்டேன். டிரம்காரன் இரண்டு தரம் திரும்ப அடித்தான். பத்துக்குப் போய்விட்டேன்.

சனிக்கிழமை மேடைக்குப் பின்னால் போனைப் பார்த்தேன். அண்ணனிடமிருந்து மூன்று அழைப்பு வந்து நின்றிருந்தது. நான் கவனிக்கவில்லை. திருப்பி எடுத்தேன். சிக்னல் இல்லை என்றது. திரும்ப எடுத்தேன். அதே பதில். எங்கள் பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள். கிட்டார்க்காரன் என் முகத்தைப் பார்த்து, தொண்டையா என்று கேட்டான். இல்லை என்றேன்.

கீழே ஆயிரம் பேருக்கு மேல் நின்றார்கள். அத்தனை பேரை நான் அதுவரை பார்த்ததில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். போன் கைக்குள்தான் இருந்தது. அது அதிர்கிறதா, அதிர்கிறதா என்று அரை மணித்தியாலமும் கை பார்த்துக்கொண்டிருந்தது. வாய் அதன் பாட்டுக்குப் பாடியது. அன்றைக்குப் பாடினது மாதிரி நான் பிறகு பாடவில்லை என்று பேண்டில் இப்பவும் சொல்வார்கள். எனக்கு அந்தப் பாட்டு எதுவும் ஞாபகமில்லை. போன் அதிரவில்லை என்பது ஞாபகம் இருக்கிறது.

இறங்கியதும் எடுத்தேன். இந்தத் தரம் மணி போனது. பாறைமேல் நின்று எடுத்தது அம்மா.

"முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன். அண்ணன் எடுத்துச்சே, என்னாச்சு?"

"தொடங்கிட்டாளான்னு கேட்டேன். அதுக்குத்தான் எடுத்தான். இருமுனியா?"

"இல்ல."

"சரி. வையி. குளுருது."

அன்றைக்கு வேலை முடிந்துவிட்டது என்று பிறகுதான் சொன்னார்கள். மேல்பாதி முழுக்க வெட்டியாயிற்று. கம்பி கிடைக்கவில்லை. ஆளும் மாட்டவில்லை.

அதற்குப் பிறகு நிறைய மேடை. கொழும்பு, கண்டி, இந்தியாவில் ஒரு தரம். இப்போது கார்மெண்டுக்குப் போவதில்லை. எங்கே பாடினாலும், மேடையில் ஏற முன் வீட்டுக்கு ஒரு போன் எடுப்பேன். அம்மா எடுத்தால் வைத்துவிடுவேன். ஒன்பதாம் நம்பரில் மரமாகிப்போன தேயிலையைக் கவ்வாத்து வெட்டி, திரும்பவும் கொழுந்து எடுக்கிறார்கள். நல்ல கொழுந்து. அம்மா வாரத்தில் இரண்டு நாள் அங்கேதான். புலி போய்விட்டதா என்று கண்டாக்கு கேட்டால், போய்விட்டது, கொழும்புக்குப் போய்விட்டது என்று சின்னம்மா சொல்வாராம்.

அந்தக் கூட்டாளியிடம் திரும்பவும் கேட்டேன். நாலா, மூன்றா, சரியாக ஞாபகமில்லை என்கிறான் இப்போது. அண்ணன் பூண்டுலோயாக் கடையில் வாங்கினது பதினாலு. அதில் மாற்றமில்லை. ஓடை இழுத்துப் போயிருக்கலாம். பன்றி இழுத்துப் போயிருக்கலாம். ஒரு கல்லுக்குக் கீழே மண் மூடிக் கிடக்கலாம். அந்தக் கம்பி இலேசில் துருப்பிடிக்காது என்று கடைக்காரர் சொல்லித்தான் விற்றாராம்.

உரப் பையைத் தூக்கி எறிய அண்ணன் பார்த்தான். நான் விடவில்லை. சுருக்கையெல்லாம் வெட்டிவிட்டு அவன் கட்டிலுக்குக் கீழேயே வைத்திருக்கிறோம். நான் தோட்டத்துக்கு வந்தால் பையைத் தோளிலிருந்து இறக்க முன், அந்தக் கம்பி கிடைத்ததா என்று அண்ணனிடம் கேட்பேன். இல்லை என்று தலையாட்டுவான். இருந்தாலும் உரப் பையை இழுத்து, தரையில் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து வைப்பேன். அம்மா நான் முடிக்கும் வரை கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போவார்.

போன மாதமும் வந்தேன். கொட்டினேன். எண்ணினேன்.

பதின்மூன்று.